படம் காட்டாமல் ஊரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது ஆர்க்கிடெக்ட் நிறுவனம். எங்கள் படிப்பகத்துக்கு இது சரிவருமா?

கேட்டவர்: புளியரை ரோடு வாசகன்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். படிப்பகத்துக்கு நான் செயலாளர். கட்டடம் திருவிதாங்கூர் காலத்தது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதே அது பழைய கட்டடம்தான் என்பார்கள். ஓட்டுக்கூரை, மண்சாந்தில் வைத்த செங்கல் சுவர். மேற்குச் சுவர் இப்போது வயிறு தள்ளி நிற்கிறது. மழை தொடங்கிவிட்டால் உள்ளே யாரையும் உட்காரவிடுவதில்லை.

புதிதாகக் கட்ட ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. நிலம் ஊராட்சியுடையது. கொச்சியில் தொழில் செய்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பெரும்பகுதிப் பணம் தருகிறார், மீதி தலைக்கட்டு வரி. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் நிறுவனத்தையும் அவரே பேசி அனுப்பினார். “பொதுக் கட்டடத்தை ஊரோடு சேர்ந்துதான் வடிவமைப்போம்” என்று முதல் நாளே சொன்னார்கள். நாங்களும் சரி என்றோம்.

அதன்பிறகு வந்த ஒரு பெண்ணும் ஒரு பையனும் படம் எதுவும் வரையவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைக் கேட்கிறார்கள். எந்த நேரத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று நோட்டில் குறிக்கிறார்கள். படிப்பகத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி மதியம் 2 மணிக்கு மேல் நிழல் விழும். பீடி சுற்றுகிற பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக அங்கேதான் உட்காருவார்கள். நாங்கள் காலம்காலமாகப் பார்ப்பதுதான். அந்தப் பெண் அதை அளவெடுத்தார்: எத்தனை பேர், ஒருத்திக்கு எத்தனை அடி, கால் நீட்டினால் எவ்வளவு என்று.

பிறகு என் அம்மாவிடம், “நீங்கள் படிப்பகத்துக்குள் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டார். அம்மா சொன்ன பதில்: “அது ஆம்பளையள் உக்காந்து பேப்பர் படிக்கிற இடம்லா.” எங்கள் வீட்டிலிருந்து படிப்பகம் கூப்பிடு தூரம். நான் செயலாளரான பிறகும் இதை அம்மாவிடம் கேட்கத் தோன்றியதில்லை.

ஊர்ப் பெரியவர்களுக்கோ பொறுமை போய்விட்டது. பக்கத்து ஊரில் ஒரு கான்ட்ராக்டர் கண்ணாடி முகப்போடு கம்ப்யூட்டர் படம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். “அவன் ஒரே வாரத்தில் படம் தந்தான், இவங்க இன்னும் கதை கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த முறை வேறு எங்காவது செய்து நன்றாக வந்திருக்கிறதா? கூட்டத்தில் அவர்களிடம் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்? செங்கலில் ஓட்டை ஓட்டையாக ஜாலிச் சுவர் வைக்கலாம் என்று அந்தப் பையன் சொன்னான். எங்கள் சாரலுக்கு அது தாங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தென்காசி சிவில்

முதலில் எஸ்டிமேட் கேளுங்கள். சதுர அடிக்கு எவ்வளவு என்று எழுத்தில் வரட்டும். ஊரைக் கேட்பது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எதற்கும் ஒரு கெடு வேண்டும். இந்தத் தேதிக்குள் முதல் வரைபடம், இந்தத் தேதிக்குள் எஸ்டிமேட் என்று ஒப்பந்தத்தில் போட்டுவிடுங்கள். ஊர் வரி வசூலித்துவிட்டு வேலை தொடங்காமல் இருந்தால் செயலாளர் தெருவில் நடக்க முடியாது.

இன்னொன்று. ஊராட்சி நிலம் என்பதால் கிராம சபையில் தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒரு பங்கு இருந்தால் மீதியை அரசு தரும். உங்கள் நன்கொடையை அதில் காட்ட முடியுமா என்று யூனியன் ஆபீஸில் விசாரியுங்கள்.

---

மார்த்தாண்டம் கொத்தனார்

தம்பி, உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவந்ததற்கே அவர்களுக்கு ஃபீஸ் கொடுக்கலாம். கண்ணாடி முகப்பு போட்ட ஆள் அதைக் கேட்டிருக்க மாட்டார்.

எனக்கு இதில் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சின்ன வயதிலேயே கையாளாகப் போய், கொத்தனாராகி, திருவனந்தபுரத்தில் பேக்கர் சார் வழியில் கட்டின பல இடங்களில் கரண்டி பிடித்தவன். பிறகு சூப்பர்வைசர். இப்போது மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். அவள் பாடத்துக்குப் பார்க்கிற வீடியோக்களை நானும் கூட உட்கார்ந்து பார்ப்பேன்.

லாரி பேக்கர் 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் இறந்தவர். உள்ளூர்ச் செங்கல், ஓடு, உள்ளூர்க் கொத்தனார் இவற்றை வைத்தே கட்டினார். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டின வளர்ச்சி ஆய்வு மையத்தைப் போய்ப் பாருங்கள். மரம் நின்ற இடத்தில் சுவர் வளைந்து போயிருக்கும். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ். செங்கோட்டைக்காரர்கள் பாதிப் பேர் அங்கே காபி குடித்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது காபி வருகிற வரைக்கும் சுற்றிப் பாருங்கள். தரை சுருள் சுருளாக மேலே ஏறும். மேஜையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை, ஆட்டவோ உடைக்கவோ முடியாது. ஒவ்வொரு மேஜைக்கும் சுவர் ஓட்டை வழியாக வெளிச்சமும் காற்றும் தனியாக வரும். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற ஆளை மனதில் வைத்துக் கட்டினது அது.

வெளிநாட்டிலும் இந்த முறை நன்றாகவே வந்திருக்கிறது. பெரியவர்களிடம் சொல்ல உங்களுக்கு உதவும். ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்ற நாட்டில் காண்டோ என்று ஒரு கிராமம். அந்த ஊர்ப் பையன் பிரான்சிஸ் கேரே பெர்லினில் படிக்கும்போதே பணம் திரட்டி, ஊர் மக்களை வைத்தே ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். 2001-இல் முடிந்தது. மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திய கல். தகரக் கூரையைச் சுவர்மேல் உட்கார வைக்காமல் தூக்கி நிறுத்தி, நடுவில் காற்று போக விட்டிருக்கிறார்கள். அதே ஊரில் பின்னால் கட்டின நூலகத்துக்குப் பெண்கள் செய்த மண்பானைகளை அறுத்து, மேல்தளத்தில் பதித்துக் கான்கிரீட் போட்டார்கள். வெளிச்சமும் காற்றும் பானை வாய் வழியாக இறங்கும். 2022-இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கொடுத்தார்கள், கட்டடக்கலையில் அதற்கு மேல் பரிசு கிடையாது.

ருவாண்டாவில் புட்டாரோ என்ற மலையூரில் மாஸ் டிசைன் குரூப் என்ற நிறுவனம் ஒரு மருத்துவமனை கட்டியது, 2011-இல் திறந்தார்கள். அந்த ஊர் வயலில் கிடக்கிற எரிமலைக் கல்லை உள்ளூர் ஆட்களே கொத்திக் கட்டினார்கள். காசநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாமலிருக்க, ஆட்கள் காத்திருக்கிற நடையைக் கட்டடத்துக்கு வெளியே காற்றோட்டமாக வைத்தார்கள். கல் வேலையைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது தம்பி. ஒரு கொத்தனாராக எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

பிரான்சில் போர்தோ நகரத்தில் நடந்ததையும் சொல்கிறேன், உங்கள் பெரியவர்களுக்கு இது அவசியம் போய்ச் சேர வேண்டும். 1996-இல் ஒரு சிறிய சதுக்கத்தை அழகுபடுத்தித் தரச்சொல்லி லகாத்தோன், வசால் என்ற இருவரைக் கேட்டார்கள். அவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து, குடியிருக்கிறவர்களோடு பேசிப் பார்த்துவிட்டு, இந்த இடம் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது, கட்ட ஒன்றும் வேண்டாம், சரளையை மாற்றுங்கள், மரங்களைப் பராமரியுங்கள், அடிக்கடி கூட்டிப் பெருக்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊரைக் கேட்காமல் படம் போட்டிருந்தால் அங்கே என்னென்னவோ கட்டியிருப்பார்கள்.

சரி, இனி நம் ஊர் விஷயம். கூட்டத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இத்தனை நாள் கேட்டீர்களே, கேட்டதெல்லாம் எஸ்டிமேட்டில் எந்த வரியில் இருக்கிறது? பீடி சுற்றுகிற பெண்களை அளவெடுத்தார்கள், நல்லது. அப்படியானால் கிழக்குத் தாழ்வாரம் எத்தனை அடி அகலம்? கால் நீட்டி உட்கார்ந்த ஆளுக்கு முன்னால் இன்னொருவர் நடந்து போக வேண்டும் என்றால் ஆறு அடிக்குக் குறைந்தால் ஆகாது, ஏழு இருந்தால் நல்லது. அது எஸ்டிமேட்டில் இருக்கிறதா, இல்லை நோட்டிலேயே நின்றுவிட்டதா?

அதோடு இதையும் கேளுங்கள்: பணம் குறைந்தால் எதை முதலில் வெட்டுவீர்கள்? வேலை நடந்துகொண்டிருக்கும்போது பணம் முடையாகாத சைட்டை நான் பார்த்ததில்லை. அப்போது முதலில் போவது எப்போதும் தாழ்வாரம்தான். அடுத்தது திண்ணை, அடுத்தது கழிப்பறை. உள்ளே டைல்ஸ் மட்டும் பளபளவென்று இருக்கும். ஆகவே இப்போதே எழுதி வாங்குங்கள்: முகப்பு அலங்காரம் முதலில் போகட்டும், உள்ளே டைல்ஸுக்குப் பதில் சிவப்புச் சிமெண்ட் தரை போதும், தாழ்வாரத்தையும் கழிப்பறையையும் கடைசிவரை தொடக்கூடாது. அவர்கள் உண்மையிலேயே ஊருக்காகக் கட்டுகிறவர்கள் என்றால் இதில் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்கள்.

வரைபடம் வந்ததும் அதைக் காகிதத்தில் மட்டும் காட்டிவிட்டுப் போக விடாதீர்கள். கட்டடப் படம் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? வானம், அதாவது அஸ்திவாரக் குழி தோண்டுமுன் நாங்கள் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவோம் இல்லையா, அதை முன்கூட்டியே போடச் சொல்லுங்கள். வாசல் இங்கே, அலமாரி இங்கே, கழிப்பறை இங்கே என்று முழு அளவில். உங்கள் அம்மாவை அதற்குள் நடக்கச் சொல்லுங்கள். பீடிப் பெண்கள் சுளகோடு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கோட்டை அழித்துத் திரும்பப் போட ஒரு பை சுண்ணாம்புதான் செலவு. சுவர் எழும்பிய பிறகு மாற்ற என்ன செலவு என்று தென்காசி சிவில் அண்ணாச்சியைக் கேளுங்கள்.

சுண்ணாம்புக் கோடு போடும்போதே பேஸ்மட்டத்தையும் பேசிவிடுங்கள். உங்கள் பக்கம் தண்ணீர் ஓடும் என்று இரண்டரை அடி ஏற்றுவார்கள். சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. இரண்டரை அடிக்கு முப்பது அடி. அந்த முப்பது அடிக்கு மனையில் இடம் விட்டார்களா என்று பாருங்கள். விடாவிட்டால் கடைசியில் சறுக்குமரம் மாதிரி செங்குத்தாக ஒன்றைக் கட்டிவிட்டுப் போவார்கள், கம்பு ஊன்றி வருகிற பெரியவர் வெளியிலேயே நின்று பேப்பர் கேட்பார்.

ஜாலிக்கு வருகிறேன். ஜாலி நல்ல விஷயம், என் கையாலேயே நிறைய வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் ஊர் ஆரியங்காவுக் கணவாய்க்கு நேர் வாயில் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்றோடு சாரல் படுக்கையாக அடிக்கும். மேற்குச் சுவரில் ஜாலி வைத்தால் புத்தகம் முழுக்கப் பூஞ்சைதான். மேற்கே கெட்டிச் சுவர், நல்ல நீட்டமான கூரை இறக்கம். கிழக்கே தாழ்வாரத்தைப் பார்த்து ஜாலி. தெற்கே வடக்கே தேவைக்கு ஏற்ப. அந்தப் பையன் திருவனந்தபுரத்துக் காற்றை நினைத்துச் சொல்லியிருப்பான், அவனை ஆடி மாதம் ஒரு நாள் வரச்சொல்லி மேற்குப் பக்கம் நிற்க வையுங்கள்.

ராட் டிராப் (எலிப்பொறி) கட்டு சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. கால்வாசிச் செங்கல் மிச்சம், உள்ளே சூடும் குறையும். ஆனால் செங்கல் ஓரம் நேராக இருக்க வேண்டும், கோணல்மாணலான சூளைக் கல்லுக்கு அது வராது. கரண்ட் பைப் எங்கே போகிறது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும், அந்தச் சுவரைப் பிறகு கொத்தக் கூடாது. உங்கள் ஊர்க் கொத்தனார்களை வைத்தே கட்டச் சொல்லுங்கள். பழக்கிவிட ஒருவர் வந்து கூட நிற்கட்டும். ஊர்க்காரன் கட்டினால் ஓடு நழுவினாலும் நாளைக்கு அவனே ஏறிச் சரிசெய்வான்.

---

கொழிஞ்சாம்பாறை நூலகர்

செயலாளர் அண்ணா, நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஒரு கிராம நூலகத்தில் வேலை செய்கிறேன். கேரளப் பக்கம்தான், ஆனால் எங்கள் ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த அலமாரி.

கொத்தனார் அண்ணன் கட்டடத்தைச் சொல்லிவிட்டார். நான் திறந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். இங்கே 1996-இல் மக்கள் திட்டம் வந்து, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போனது. கிராம சபையில் உட்கார்ந்து எது வேண்டும் என்று சொல்லும் பழக்கம் அப்போது வேர்விட்டது. பெண்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். ஆனால் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்ட இடங்கள் குறைவு. உங்கள் நிறுவனம் கேட்கிறது, விட்டுவிடாதீர்கள்.

உங்கள் அம்மா உள்ளே வராததற்குக் காரணம் அந்த வாசலாகக்கூட இருக்கலாம். எங்கள் நூலகத்தில் பேப்பர் மேஜை வாசலுக்கு நேராக இருந்தது. உள்ளே நுழைகிற பெண்ணை எட்டு ஆண்கள் தலை தூக்கிப் பார்ப்பார்கள். மேஜையைப் பக்கவாட்டுக்குத் தள்ளி, சிறுவர் அலமாரியை வாசலுக்கு அருகில் வைத்தோம். பிள்ளையைக் கூப்பிட வருகிற அம்மா இரண்டு நிமிடம் நிற்க ஆரம்பித்தாள். பிறகு ஒரு வார இதழைக் கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் இப்போது சாயங்காலம் பெண்கள் கூட்டம்தான் அதிகம். உங்கள் வரைபடத்தில் தாழ்வாரத்திலிருந்து உள்ளே நேராக ஒரு கதவு வையுங்கள். பீடி சுற்றுகிறவர்கள் ஆண்கள் உட்காரும் அறையைத் தாண்டாமல் அலமாரிக்கு வர முடியட்டும்.

கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். முன்வாசலைப் பார்த்து வைத்தால் பெண்கள் பயன்படுத்த மாட்டார்கள். பின்னால் இருட்டில் வைத்தாலும் போக மாட்டார்கள். தாழ்வாரத்து முனையில், விளக்கு வெளிச்சம் படுகிற இடத்தில், ஒரு மறைப்புச் சுவரோடு இருக்க வேண்டும்.

சாவியை மறந்துவிடாதீர்கள். நூலகர் இல்லாத நேரத்தில் தாழ்வாரமும் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் திறந்திருக்கும்படி, புத்தக அறையை மட்டும் தனியாகப் பூட்டும்படி அமைக்கச் சொல்லுங்கள். பல கட்டடங்களில் ஒரே கேட்டைப் பூட்டினால் எல்லாம் முடிந்தது. சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போனால் அன்றைக்கு ஊருக்குக் கட்டடமே இல்லை. சுற்றுச்சுவர் உயரமாக எழுப்பச் சொல்லி யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. முழங்கால் உயரத்துக்கு உட்கார்கிற மாதிரி ஒரு கட்டை போதும்.

பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளில் வழிப்போக்கர் தங்குகிற வழியம்பலமும் சுமைதாங்கிக் கல்லும் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கேட்காமல் இறக்கி வைக்கலாம், அதற்குப் பூட்டும் இல்லை, காவலும் இல்லை. உங்கள் பக்கம் அப்படி ஏதாவது இன்னும் நிற்கிறது என்றால் அந்த ஆர்க்கிடெக்ட் பெண்ணைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

---

புளியரை ரோடு வாசகன்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டம் நடந்தது. போர்தோ கதையைச் சொன்னேன். ஒரு பெரியவர், “ஒண்ணும் கட்டாம காசு வாங்கினானா?” என்றார். ஆனால் அவரே கடைசியில் சுண்ணாம்புக் கோடு போட முதலில் கை தூக்கினார்.

பணம் குறைந்தால் எதை முதலில் வெட்டுவீர்கள் என்ற கேள்வியை நேராகவே கேட்டேன். நிறுவனத்துப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, இதுவரை எந்த ஊரும் எங்களை இப்படிக் கேட்டதில்லை என்றார். தாழ்வாரம், கழிப்பறை, சாய்தளம் மூன்றையும் தொடாத வேலைகள் என்று எழுதித் தர ஒத்துக்கொண்டார். முதல் வரைபடத்துக்குக் கெடுவும் போட்டாயிற்று, தென்காசி சிவில் அண்ணாச்சிக்கு அதற்கு நன்றி. கிழக்குத் தாழ்வாரம் ஏழு அடி என்று பேச்சு. கூட்டத்துக்குப் பீடி சுற்றுகிற பெண்கள் நால்வர் வந்திருந்தார்கள். ஒருத்தர் தரை வழுவழு என்று வேண்டாம், இலை நனைத்த தண்ணீர் சிந்தினால் வழுக்கும் என்றார். அதை நோட்டில் எழுதினார்கள்.

ஜாலியில்தான் முடிவு வரவில்லை. அந்தப் பையன் மேற்கிலும் வைக்கலாம், ஓட்டையைச் சாய்வாக வைத்தால் தண்ணீர் உள்ளே வராது என்கிறான். கொத்தனார் அண்ணன், சாய்வு வைத்தால் நிற்குமா?

---

மார்த்தாண்டம் கொத்தனார்

நேராக விழுகிற மழைக்கு நிற்கும். உங்கள் சாரல் நேராக விழாது, காற்று அதைக் கீழிருந்தும் தூக்கி உள்ளே தள்ளும். வாதாட வேண்டாம் தம்பி. மனையின் மேற்கு ஓரத்தில் அவன் சொல்கிற மாதிரியே நாலடிக்கு நாலடி மாதிரிச் சுவர் ஒன்று கட்டச் சொல்லுங்கள், மேலே ஒரு ஓட்டு இறக்கம் வைத்து. உங்கள் ஊர்க் கொத்தனாருக்குப் பழக்கமும் ஆகும். பின்பக்கம் ஒரு ஸ்டூலில் பழைய செய்தித்தாள் கட்டை வைத்துவிடுங்கள். ஆடிச் சாரல் நாலு நாள் அடிக்கட்டும். தாள் நனைந்தால் மேற்கே கெட்டிச் சுவர், நனையாவிட்டால் அவன் சொன்னபடியே வைத்துவிடலாம், எனக்கும் சந்தோஷம்தான். தரைக்குச் சிவப்புச் சிமெண்ட் போட்டு, தாழ்வாரத்தில் மட்டும் மெருகேற்றாமல் நூல்கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள். அந்த அக்கா சொன்னது சரி.